இடது ஓரமாகச் செல்லவும்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட புத்தகத்தில் கதை கிடையாது. காதல் கிடையாது. எழுதியவர் பெயர்கூடக் கிடையாது. ஆனாலும் ராத்திரி பதினொன்றரை வரை கீழே வைக்காமல் படித்தேன். புத்தகத்தின் பெயர் ‘ஹைவே கோட்’. பிரிட்டனில் லைசென்ஸ் வாங்க விரும்புகிற ஒவ்வொருவரும் உருப்போட்டே ஆகவேண்டிய சாலை விதிப் புத்தகம்.

அது என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் ஸ்விண்டன் என்கிற ஊரில் இருக்கிறாள். லண்டனுக்கு மேற்கே, ரயில் பட்டறையால் பேர் வாங்கிய ஊர். நானும் அவள் அம்மாவும் ஒரு மாதம் தங்கப் போயிருந்தோம். நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டே அங்கே 12 மாதம் வரை கார் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கை பரபரத்தது.

“விருதுநகர் – சிவகாசி ரோட்டுல முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன்மா. இதுவும் இடது பக்கம்தானே? எனக்கென்ன பயம்?” என்றேன்.

“அதனாலதாம்ப்பா எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

சொல்லிவிட்டு இந்தப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். “முழுசாப் படிங்க. கேள்வி கேப்பேன். சரியாச் சொன்னா இன்சூரன்ஸ்ல உங்க பேரைச் சேக்கறேன்.”

படித்தேன். நீங்களும் ஒருமுறை படியுங்கள். இங்கிலாந்து போகாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் பதிப்பு வந்தது 1931-ல். விலை ஒரு பென்னி. அப்போது பிரிட்டன் முழுக்க ஓடிய வண்டிகள் இருபத்து மூன்று லட்சம்தான். ஆனால் ஆண்டுக்கு ஏழாயிரம் பேர் அளவில் ரோட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவிங் டெஸ்ட் என்ற ஒன்றே கட்டாயமில்லை. அது 1935-ல்தான் வந்தது. காசு இருந்தால் காரை வாங்கி, ஏறி உட்கார்ந்து ஓட்டவேண்டியதுதான். அந்த முதல் பதிப்பில் பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குதிரை வண்டிக்காரர் திரும்பும்போது சாட்டையை எப்படிச் சுழற்றிக் காட்டவேண்டும் என்று இருந்தது. வெள்ளைக்காரன் பிறக்கும்போதே ஒழுங்காகப் பிறந்தவன் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அவனும் நம்மைப் போல இடித்துக்கொண்டும் செத்துக்கொண்டும்தான் கற்றிருக்கிறான்.

2022-ல் பிரிட்டனில் (வட அயர்லாந்து தவிர்த்து) சாலையில் இறந்தவர்கள் 1,711 பேர். அதே ஆண்டு இந்தியாவில் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105. மக்கள்தொகையைக் காட்டித் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டு ஜனத்தொகையும் அவர்களுடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்களுக்கு ஒன்று என்றால் நமக்குப் பத்து.

இந்த வித்தியாசத்தை ஒரு புத்தகம் உண்டாக்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ரோடு, வண்டி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது எழுதப்பட்ட விதத்தில் எனக்குப் பிடித்தது ஒரு இலக்கண சமாசாரம்.

அதில் ‘மஸ்ட்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தால் அது சட்டம். மீறினால் குற்றம். பக்கத்திலேயே எந்தச் சட்டம் என்றும் போட்டிருக்கும். ‘ஷுட்’ என்று இருந்தால் புத்திமதி. மீறியதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. ஆனால் விபத்து நடந்து கோர்ட்டுக்குப் போனால், “இந்தப் புத்திமதியைக் கேட்கவில்லையே” என்று உங்களுக்கு எதிராக எடுத்து வைக்கலாம். இரண்டே வினைச்சொல்லில் கட்டளையையும் யோசனையையும் பிரித்துவிட்டார்கள்.

நம்மிடம் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்தான். “ஹெல்மெட் அணிய வேண்டும்”, “பெரியவர்களை மதிக்க வேண்டும்”, “தினமும் பல் துலக்க வேண்டும்.” மூன்றும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. எல்லாமே ‘வேண்டும்’ ஆகிவிட்டால் எதுவுமே வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

சரி, வெளியூர்க்காரன் மாட்டிக்கொள்ளும் இடங்களுக்கு வருவோம். உங்கள் பிள்ளையும் அங்கே இருந்தால் உதவும்.

முதலாவது, வேகம். வட்டத்துக்குள் 30 என்று போட்டிருந்தால் அது மைல். நம் கணக்கில் 48 கிலோமீட்டர். இதில் தப்பு செய்தால் மெதுவாகப் போவீர்கள். பின்னால் வருகிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். இந்தியா திரும்பிய பிறகு பழக்கம் மாறாமல் இருந்தால்தான் ஆபத்து.

இரண்டாவது, ஹாரன். நீங்கள் இருப்பதை எச்சரிப்பதற்காக மட்டும் அடிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பதினொன்றரையிலிருந்து காலை ஏழு வரை அடிக்கவே கூடாது. ஒரு மாதத்தில் நான் கேட்ட ஹாரன் மூன்று. விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு டீ ஆறுவதற்குள் முந்நூறு கேட்டுவிடும். நம் ஊரில் ஹாரன் ஒரு தனி மொழி. ஒரு சின்ன ‘பீப்’ என்றால் “அண்ணாச்சி, வணக்கம்.” இரண்டு என்றால் “ஓரமாப் போங்க.” நீளமாக அழுத்தினால் அதற்கு எழுத்தில் போடமுடியாத அர்த்தம்.

மூன்றாவதுதான் உண்மையான வில்லங்கம். ஹெட்லைட். எதிரில் வருகிறவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தம்? “நான் வர்றேன், நீ நில்லு.” அங்கே புத்தகம் சொல்வது: நீ இருப்பதைத் தெரிவிக்க மட்டும் அடி, வேறு எந்தச் சேதிக்கும் அடிக்காதே. ஆனால் ஊர் வழக்கம் வேறு. ஸ்விண்டனில் லைட் அடித்தால் “நீ போ, நான் நிற்கிறேன்” என்று அர்த்தம். தலைகீழ்!

ஒரு குறுகலான தெருவில் எனக்கு எதிரே ஒரு கார். லைட்டை அடித்தார். நான் மரியாதையாக நின்றேன். மறுபடி அடித்தார். இன்னும் மரியாதையாக நின்றேன். மகள் பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, உங்களைத்தான் போகச் சொல்றார்!” இதையே திருப்பிப் பாருங்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை இங்கே வந்து, ஆமத்தூர் தாண்டி எதிரே லாரி லைட் அடிக்கும்போது “வழி விடுகிறார்” என்று ஏறிவிட்டால்? சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான்காவது, ரவுண்டானா. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடவேண்டும். இந்த ஒரே விதியை நம்பி ஸ்விண்டனில் 1972-ல் ஒரு விபரீதம் செய்திருக்கிறார்கள். ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஐந்து குட்டி ரவுண்டானாக்கள். ‘மேஜிக் ரவுண்டபவுட்’ என்று பேர். முதலில் பார்த்தபோது முறுக்குத் தட்டு மாதிரி இருந்தது. மூடிய கண்ணைத் திறப்பதற்குள் மகள் கடந்துவிட்டாள். ஆளாளுக்கு வலப்பக்கம் பார்த்து ஒரு நொடி நிற்கிறார்கள். அவ்வளவுதான் மேஜிக். நம்முடைய 1989-ஆம் வருஷத்துச் சாலை விதியும் சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடச் சொல்லித்தான் இருந்தது. யாருக்காவது தெரியுமா? நம் ஊர்ச் சந்திப்பில் முதல் உரிமை, மூக்கை முதலில் நுழைத்தவருக்கு. இரண்டு மூக்கும் ஒன்றாக நுழைந்தால் எடை அதிகமுள்ளவருக்கு.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஜனவரியில் இந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். யாரால் அதிகத் தீங்கு செய்யமுடியுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்று ஒரு வரிசை. லாரிக்காரர் எல்லாரையும் பார்த்துப் போகவேண்டும். கார்க்காரர் சைக்கிளைப் பார்க்கவேண்டும். கடைசியில், நடக்கிறவர் மேல் பொறுப்பு மிகக் குறைவு. திரும்புகிற வண்டி, கடக்கக் காத்திருக்கிறவருக்கு வழி விடவேண்டும். நம் ரோட்டிலும் இதே வரிசை இருக்கிறது. பொறுப்புக்குப் பதிலாக உரிமை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல அவர்களுக்கே 91 வருஷம் ஆகியிருக்கிறது. அதனால் நாம் ரொம்பத் தாமதமில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நம் ஊர்ச் சாலை விதிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். மெல்லிசாக, வழவழ அட்டையோடு, சிவப்பு முக்கோணங்களும் நீல வட்டங்களும் பளிச்சென்று இருந்தன. அச்சிட்ட ஊர் எது என்று பின்னட்டையைப் பார்த்தேன். சிவகாசி. பெருமையாகத்தான் இருந்தது. அச்சில் குறையே இல்லை.

குறை உள்ளே இருக்கிறது. அந்தப் புத்தகம் ரோட்டுக்காக எழுதப்படவில்லை, பரீட்சைக்காக எழுதப்பட்டது. இந்தப் படத்துக்கு இந்த விடை, மனப்பாடம் செய், பாஸாகு. அதைப் படித்துவிட்டு விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் இருபத்தைந்து கிலோமீட்டரில் நீங்கள் சந்திக்கப்போகிற எதுவும் அதில் இல்லை. ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளமும் அதைச் சுற்றி வைத்த கல் வரிசையும் இல்லை. வளைவை மறைக்கும் சீமைக் கருவேலம் இல்லை. காலண்டர் பண்டலுக்கு நடுவே ஓட்டுகிறவர் தலை மட்டும் தெரியும் மொபெட் இல்லை. நாலுவழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக வரும் பால்காரர் இல்லை. இதெல்லாம் விதிமீறல், அதனால் எழுதவில்லை என்பார்கள். சரி. ஆனால் முதல் நாள் வண்டி எடுக்கிற பிள்ளை சந்திக்கப்போவது அதைத்தானே?

இன்னொரு பெரிய குறை: எங்கேயும் ‘ஏன்’ இல்லை.

நம் பகுதி மக்களுக்கு விதி என்றால் என்னவென்று தெரியாது என்று யாராவது சொன்னால் சிவகாசிக்குக் கூட்டிவாருங்கள். பட்டாசு ஆலைக்குள் வேலை பார்க்கும் ஒரு அக்காவைக் கேளுங்கள். மருந்து அறையில் இரும்புச் சாமான் ஏன் கூடாது? “உரசினா பொறி வரும்ல.” ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஏன் கூடாது? “ஒண்ணு ஆச்சுன்னா நாலோட போகட்டும்னுதான்.” பள்ளிக்கூடம் தாண்டாதவர் சட்டத்தின் தத்துவத்தையே சொல்லிவிடுகிறார். அங்கேயும் விதியை மீறுகிறார்கள்; மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தது சாட்சி. அதில் பலர் வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிவந்தவர்கள். ஆனால் மீறுகிறவருக்கும் அங்கே காரணம் தெரியும்.

அதே அக்கா சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்ததும், பத்துப் பேர் ஏறவேண்டிய வேனில் இருபதாவது ஆளாக ஏறுகிறார். அறைக்குள் நாலு பேர் கணக்குத் தெரிந்தவருக்கு வேன் கணக்கு ஏன் தெரியவில்லை? தெரியும். வேறு வேன் இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது, ரோட்டு விதி அவருக்குக் காரணமாக வந்து சேரவில்லை. அபராதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கூட்டினார்கள். தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய். பலன்? ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள். முழங்கையில் மாட்டியிருக்கிறார்கள். போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறுகிறது. ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றுகிற பொருள் அது. தலையைக் காப்பாற்றுகிற பொருள் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இப்போது இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஹைவே கோட்’டில் ஆரம்பத்திலேயே நடக்கிறவர்களுக்கு ஒரு விதி. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கமாக நடங்கள். எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரியும். கூட்டமாக நடந்தால் முன்னும் பின்னும் மினுங்குகிற சட்டை போட்ட ஆள் ஒருவர் இருக்கட்டும். ராத்திரி என்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு.

நான்கு வரி. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன் ஒருவன். பெயர் வேண்டாம். வருஷா வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடப்பான். இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பார்கள். பல வருஷம் முன்னால், சாத்தூர் தாண்டிக் கிழக்கே போகிற ரோட்டில், விடிவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பின்னாலிருந்து வந்த வண்டி அவனை அடித்துவிட்டுப் போய்விட்டது. அவன் குடிக்கவில்லை. நடு ரோட்டில் நடக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிப்போட்டிருந்ததை அப்படியே செய்தான். ‘இடது ஓரமாகச் செல்லவும்.’ வண்டிக்கான விதியை நடக்கிறவனுக்கும் சேர்த்து எழுதிவைத்திருந்தார்கள். அவன் அதைக் கடைசிவரை மதித்தான். முதுகுக்குப் பின்னால் வருவது அவனுக்குத் தெரியவில்லை.

வலது பக்கம் நடந்திருந்தால் பிழைத்திருப்பானா? சத்தியம் செய்யமுடியாது. விளக்கைப் பார்த்திருப்பான். ஒரு எட்டு ஓரத்தில் வைத்திருப்பான். அந்த ஒரு எட்டைத்தான் ஒரு நல்ல புத்தகம் ஒருவனுக்குக் கொடுக்கமுடியும்.

அதனால் வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகாமல், விருதுநகர் மாவட்டத்துக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். ஐப்பசி வந்தால் பட்டாசு வாங்க வெளியூர்க் கார்கள் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வரிசை கட்டுகின்றனவே, அவர்களுக்கு உதவும். மாதிரிக்கு ஆறு விதிகள்:

1. பட்டாசு லாரிக்குப் பின்னால் போனால் இடைவெளி விடுங்கள். காருக்குள் சிகரெட் கட்டாயம் கூடாது. லாரியில் இருப்பது மருந்து. உங்கள் டிக்கியில் இருப்பதும் அதே மருந்துதான்.

2. வாங்கிய பட்டாசை பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோவது குற்றம். இது சட்டம். காரணம்: தீப்பிடித்தால் ஓடும் ரயிலில் இறங்க இடமில்லை.

3. காலையில் ஆலைக்குப் போகும் நேரமும் மாலையில் விடும் நேரமும் நின்றிருக்கும் வேனைப் பார்த்தால் மெதுவாகப் போவது நல்லது. இறங்குகிற பெண்கள் வேனுக்கு முன்பக்கமாகத்தான் ரோட்டைக் கடப்பார்கள். உங்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள்; அவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

4. இரவில் ரோட்டோரம் கல் வரிசை தெரிந்தால் அங்கே தானியம் காய்கிறது. திடீரென்று திருப்பாதீர்கள். காயப்போட்டவருக்கும் ஒரு வார்த்தை: அறுவடை முடிந்தால் கல்லையாவது எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. உங்கள் மகனும் அந்த வழியாகத்தான் பைக்கில் வருவான்.

5. நாலுவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வண்டி ஓட்டுவது கட்டாயம் கூடாது. ஆனாலும் எதிரே வருவார்கள் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். ஊர் ஒரு இடத்திலும் திரும்புகிற வழி வெகுதூரம் தள்ளியும் இருந்தால், பெட்ரோல் கணக்குப் பார்க்கிறவர் குறுக்கே வரத்தான் செய்வார். இந்த விதியின் பாதியை ரோடு போடுகிறவர்கள் படிக்கவேண்டும்.

6. அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்குங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கியவரை வழக்கில் மாட்டிவிட முடியாது என்று 2019 திருத்தம் 134ஏ பிரிவில் சொல்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பதற்காக வந்தது. பயந்து ஒதுங்கியதால் போன உயிர்கள் போதும்.

இதை எங்கே அச்சடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை அச்சடிக்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. தாளில் ராகு காலம், எமகண்டம் போடுகிறார்கள். கீழே ஒரு வரி இடம் விட்டால் வருஷத்துக்கு 365 விதி. கூடவே ‘ஏன்’ என்று இரண்டு வார்த்தை. எமகண்டம் தினமும் ஒன்றரை மணி நேரம்தான் என்று அந்தக் காலண்டர் சொல்கிறது. ரோட்டில் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு என்பதையும் அது சொல்லட்டும்.

‘ஹைவே கோட்’டிலும் குறை உண்டு. முந்நூறுக்கு மேல் விதிகள். டெஸ்ட் முடிந்ததும் பலர் திறந்து பார்ப்பதில்லை என்று மகளே சொன்னாள். அடுத்தவன் விதியை மதிப்பான் என்ற நம்பிக்கையில் பாதிப் புத்தகம் நிற்கிறது. நம் ரோட்டில் அந்த நம்பிக்கையோடு ஓட்டினால் ஆமத்தூர் வரை போகமுடியாது. இருந்தாலும் நம்பிக்கை எங்காவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்?

போன ஆடியில் நானும் இருக்கன்குடிக்கு நடந்தேன். அவனுக்காகத்தான். சாத்தூர் தாண்டியதும் கூட்டத்திலிருந்து பிரிந்து வலது ஓரத்துக்குப் போனேன். கையில் ஒரு டார்ச். ஒரு பெரியவர் எதிர் ஓரத்திலிருந்து சத்தம் போட்டார்.

“அண்ணாச்சி, தப்பான பக்கம் நடக்கீங்களே!”

“இல்லைய்யா. இங்கன நடந்தா வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்.”

அவர் நின்றார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒரு லாரி போகும்வரை காத்திருந்துவிட்டு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து என் பக்கம் வந்தார்.

“அதுவும் நியாயம்தான்” என்றார்.